டாக்டர் கையெழுத்து போட்டால் கண் தெரிந்துவிடுமா? வயதான டிரைவர்களின் லைசென்சும், 2 நிமிட சர்டிபிகேட்டும்

ராஜபாளையம்,

ராத்திரி 8 மணிக்கு ராஜபாளையம் காந்தி சிலை ரவுண்டானா பக்கம் ஒரு 10 நிமிஷம் நின்று பாருங்கள். தென்காசி பஸ், மதுரை பஸ், லோடு லாரி, மில் ஷிப்டு ஆட்களை ஏற்றி வரும் வேன், ஆட்டோ என்று வண்டிகள் முட்டி மோதும். இதற்கு நடுவில் பேரனை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் ஒரு தாத்தா வருவார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி பக்கம் போனாலும் இதே காட்சிதான்.

இந்த வண்டிகளை ஓட்டுபவர்களில் எத்தனை பேருக்கு எதிரே வருவது சரியாக தெரிகிறது? எத்தனை பேருக்கு பின்னால் அடிக்கும் ஹாரன் கேட்கிறது? இதை சொல்வதற்கு என்றே ஒரு பேப்பர் இருக்கிறது. அதன் பெயர் படிவம் 1ஏ. டாக்டர் கொடுக்கும் உடல்தகுதி சான்று. 40 வயதை தாண்டியவர்கள் லைசென்சு எடுக்கவும், புதுப்பிக்கவும் இது வேண்டும். லாரி, பஸ் ஓட்டுவதற்கு எந்த வயதானாலும் வேண்டும்.

அந்த பேப்பர் உண்மையை சொல்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி.

பெரியப்பாவின் கதை

என் சொந்த வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் பெரியப்பா 35 வருஷமாக வேன் ஓட்டுகிறவர். 62 வயதில் லைசென்சு புதுப்பிக்க சர்டிபிகேட் வாங்க போனார். டாக்டர் எழுந்து நிற்கவும் சொல்லவில்லை. கண்ணில் டார்ச்சு அடிக்கவில்லை. "சுகர் இருக்கா"ன்னு கூட கேட்கவில்லை. 2 நிமிஷத்தில் கையெழுத்து, சீல், பீசு. வேலை முடிந்தது.

அடுத்த 4-வது மாசம், கார்த்திகை சீசனில் அய்யப்ப பக்தர்களை இறக்கிவிட்டு ராத்திரி திரும்பி வந்தார். எதிரே வந்த லாரியின் லைட்டில் கண் கூசி, ரோட்டோரம் நிறுத்தியிருந்த டூவீலரை இழுத்துவிட்டார். நல்லவேளை, அதில் ஆள் இல்லை. பிறகு மதுரைக்கு கூட்டிட்டு போய் காட்டினால், ரெண்டு கண்ணிலும் புரை. அதில் ஒன்று முற்றிய நிலையில் இருந்தது.

ஆபரேஷன் முடிந்தது. இப்போது அவர் பகலில் மட்டும் ஓட்டுகிறார். "முதல்லயே ஒருத்தன் பார்த்து சொல்லியிருந்தா அப்பவே பண்ணிருப்பேன்டா" என்பதுதான் அவர் இன்றைக்கும் சொல்வது. இந்த ஒரு வார்த்தையில் மொத்த பிரச்சினையும் அடங்கியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் வண்டி ஓட்ட அதிகபட்ச வயது என்று எதுவும் கிடையாது. 18 வயது ஆகவேண்டும் என்று சொன்ன மோட்டார் வாகன சட்டம், எந்த வயதில் நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. உடம்பு சரியாக இருந்தால் 80 வயதிலும் ஓட்டலாம்.

2019 செப்டம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தின்படி பைக், கார் லைசென்சு கணக்கு இது:

30 வயதுக்கு முன் எடுத்தால் 40 வயது வரை செல்லும்.

30 முதல் 50 வயதுக்குள் எடுத்தால் அல்லது புதுப்பித்தால் 10 ஆண்டு.

50 முதல் 55 வயதுக்குள் என்றால் 60 வயது வரை.

55-க்கு மேல் என்றால் 5 ஆண்டுக்கு ஒருமுறை.

லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகன லைசென்சுக்கு முன்பு 3 ஆண்டு. இப்போது 5 ஆண்டு. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு முன்பு ஒரு ஆண்டு. இப்போது 3 ஆண்டு. நம்ம மாவட்டத்தில் சிவகாசி இருக்கிறது என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதாவது, அடிக்கடி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டாம் என்று டிரைவருக்கு வசதி செய்து கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதே வசதியால் டாக்டர் முன்னால் போய் நிற்கும் இடைவெளியும் கூடிவிட்டது.

49 வயதில் இருந்து 59 வரை

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. முன்பெல்லாம் வாடகை கார், லோடு ஆட்டோ ஓட்ட தனியாக பேட்ஜ் வேண்டும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை சாதாரண கார் லைசென்சு வைத்தே வாடகைக்கும் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் தீர்ப்பு சொன்னது. 2024 நவம்பரில் 5 நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. ஏழை டிரைவர்களின் பிழைப்புக்கு இது பெரிய நிம்மதி. இன்சூரன்ஸ் கம்பெனிகள் "பேட்ஜ் இல்லை" என்று சொல்லி கைகழுவ முடியாது.

ஆனால் கணக்கு போட்டு பாருங்க. ஒருத்தர் 49 வயதில் கார் லைசென்சை புதுப்பிக்கிறார். அது 59 வயது வரை செல்லும். அந்த 10 வருஷமும் அவர் சவாரி ஏற்றுகிறார், லோடு அடிக்கிறார். சுகர், பிரஷர், கண்புரை எல்லாம் எட்டிப்பார்க்கும் வயது அதுதான். அந்த 10 வருஷத்தில் அவரை சட்டப்படி ஒரு டாக்டரும் பார்க்க வேண்டியதில்லை.

படிவத்தில் இருக்கும் கேள்விகள்

லைசென்சு விண்ணப்பத்தோடு படிவம் 1 என்று ஒன்று இருக்கிறது. நமக்கு நாமே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி. பெரும்பாலும் ஆபீசுக்கு வெளியே டைப் அடிப்பவரே பூர்த்தி செய்து, எங்கே கையெழுத்து போடணும்னு மட்டும் காட்டுவார். அதில் என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் குறைவு. கேள்விகள் இவைதான்:

வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா?

நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை (கண்ணாடி போட்டோ, போடாமலோ) படிக்க முடிகிறதா?

கை, காலில் பலக்குறைவு இருக்கிறதா?

சிவப்பு, பச்சை நிறம் பிரித்து தெரிகிறதா?

மாலைக்கண் உண்டா?

சாதாரண ஹாரன் சத்தம் கேட்கிறதா?

மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கும் வேறு வியாதி ஏதும் உண்டா?

இந்த கேள்விகளுக்கு உண்மையாக பதில் சொன்னாலே பாதி விபத்து பயம் தீர்ந்துபோகும். யாரும் ராக்கெட் விட சொல்லவில்லை. 25 மீட்டர் தூரத்தில் ஒரு நம்பர் பிளேட்டு. அவ்வளவுதான்.

இப்போது சாரதி இணையதளத்தில் டாக்டரே தன் பெயரில் சான்றை ஏற்றும் முறை வந்திருக்கிறது. போலி சீல், போலி கையெழுத்து இதனால் குறையும். ஆனால் ஆளை பார்க்காமலே பேப்பரில் கையெழுத்து போட்டவர், ஆளை பார்க்காமலே கம்ப்யூட்டரிலும் ஏற்றலாம். கம்ப்யூட்டருக்கு கண்புரை தெரியாது.

குற்றவாளி வயதா? வியாதியா?

"அப்போ கிழடு கட்டைகளை எல்லாம் வண்டி ஓட்ட விடாதீங்க" என்று சிலர் சொல்வார்கள். அது அநியாயம்.

2022-ம் ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் இறந்தவர்களில் 100-க்கு 66 பேருக்கு மேல் 18 முதல் 45 வயதுக்குள் உள்ளவர்கள் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. ரோட்டில் ரத்தம் சிந்துவது பெரும்பாலும் இளவட்டம்தான். வேகம், போதை, ஹெல்மெட் இல்லாமை, செல்போன் எல்லாம் அங்கேதான் அதிகம். 60 வயது டிரைவர் பெரும்பாலும் நிதானமாகத்தான் போகிறார்.

உடம்பு வயதை பார்த்து மக்கர் பண்ணுவதும் இல்லை. 2024 நவம்பரில் பெங்களூருவில் சுமார் 40 வயது டவுன் பஸ் டிரைவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் சரிந்தார். கண்டக்டர் தாவி வந்து பஸ்சை நிறுத்தினார். 2025 மே மாதம் நம்ம பக்கத்து பழனி அருகே கணக்கன்பட்டியில் தனியார் பஸ் டிரைவருக்கும் இதே கதி. அங்கேயும் கண்டக்டர் கையாலேயே பிரேக்கை அழுத்தி பயணிகளை காப்பாற்றினார். இந்த வீடியோக்களை பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள்.

ஆகவே பார்க்க வேண்டியது பிறந்த தேதியை அல்ல, உடம்பை. வயது ஏற ஏற சில விஷயங்கள் சத்தமில்லாமல் வருகின்றன:

கண்புரை: எதிர் லைட்டு பட்டால் எல்லாம் வெள்ளையாக தெரியும். பகலில் தெரியாது, ராத்திரியில் காட்டிக்கொடுக்கும்.

கண் நீர் அழுத்தம்: நேரே தெரியும். பக்கவாட்டில் வரும் ஆள் தெரிய மாட்டார். டிரைவருக்கே தெரியாமல் பார்வை சுருங்கும்.

சுகர்: ரொம்ப வருஷ சுகரில் பாதம் மரத்துப்போகும். கால் பிரேக்கில் இருக்கிறதா, ஆக்சிலேட்டரில் இருக்கிறதா என்பதே புரியாது. மாத்திரை, ஊசி போட்டுவிட்டு சாப்பிடாமல் ஓட்டினால் சுகர் 70-க்கு கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும்.

மாத்திரை: சளி, அலர்ஜி, தூக்க மாத்திரைகளில் சில கண்ணை சொக்க வைக்கும்.

குறட்டை: ராத்திரி முழுக்க மூச்சு முட்டி குறட்டை விடுபவருக்கு பகலில் ஸ்டியரிங்கிலேயே கண் அசரும்.

இதில் முக்கால்வாசிக்கு வைத்தியம் உண்டு. அதுதான் விஷயம். கண்புரை ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரி மூலம் இலவசம். சுகர், பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-ல் இருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சரியாக சோதித்தால் லைசென்சு போவதை விட, லைசென்சு பிழைப்பதுதான் அதிகம்.

ஏன் மறைக்கிறார்கள்?

அப்புறம் ஏன் டிரைவர்களே 2 நிமிட சர்டிபிகேட்டை தேடிப் போகிறார்கள்? பதில் ஒரு வார்த்தை: சோறு.

அரசு பஸ் டிரைவருக்கு கண்ணோ காலோ கெட்டுப்போனால் வேலையை விட்டு அனுப்ப முடியாது. அதே சம்பளத்தில் மாற்று வேலை கொடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டம் சொல்கிறது. தெலுங்கானாவில் நிறக்குருடு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட அரசு பஸ் டிரைவருக்கு மாற்று வேலை கொடுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும் அண்ணாச்சிக்கு இப்படி யார் மாற்று வேலை கொடுப்பார்கள்? மில் வேன் ஓட்டுகிறவருக்கு? லைசென்சு போனால் மறுநாள் அடுப்பு எரியாது. வண்டிக்கு டியூ கட்ட முடியாது. அதனால் மயக்கம் வந்ததை மனைவியிடம் கூட சொல்ல மாட்டார். டாக்டரிடம் எப்படி சொல்வார்?

ஆட்டோ, டாக்சி டிரைவர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. கண் கண்ணாடி வாங்கக்கூட உதவித்தொகை உண்டு. ஆனால் பதிவை புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். கிடைக்கும் ஓய்வூதியத்தை மட்டும் வைத்து ஒரு குடும்பம் ஓடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மறைத்து ஓட்டினால் என்ன ஆகும்?

உடம்பு தகுதி இல்லாதது தெரிந்தும் வண்டி ஓட்டினால் முதல் தடவை ரூ.1,000 வரையும், மறுபடியும் சிக்கினால் ரூ.2,000 வரையும் அபராதம். இது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இருக்கிறது. மாவட்ட கோர்ட்டு அங்கேதானே. விபத்து நஷ்டஈடு வழக்குகளில் லைசென்சு காலாவதி ஆகியிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு பணத்தை கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் அதை வசூலிக்க கோர்ட்டு அனுமதிப்பது வழக்கம். 5 வருஷ கெடு முடிந்ததை மறந்துபோன பெரியவரின் வீடு, நிலம் வரைக்கும் இது வரும். கெடு முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக்காட்டி தேர்வில் பாசாக வேண்டும். இன்றைக்கே பீரோவை திறந்து அப்பா லைசென்சில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்க.

சட்டத்தின் 16-வது பிரிவில் இன்னொரு அதிகாரமும் உண்டு. ஒருவர் நோயால் ஓட்ட தகுதி இழந்துவிட்டார் என்று நம்ப காரணம் இருந்தால், லைசென்சு அதிகாரி எப்போது வேண்டுமானாலும் புது மருத்துவ சான்று கேட்கலாம், லைசென்சை ரத்தும் செய்யலாம். இது பலருக்கு தெரியாது.

இளவரசரும் சாவியை கொடுத்தார்

இந்த தலைவலி நமக்கு மட்டும் அல்ல. 2019 ஜனவரியில் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் கணவர் பிலிப், 97 வயதில் தானே கார் ஓட்டிப்போய் இன்னொரு கார் மீது மோதினார். வெயில் கண்ணில் அடித்தது என்றார். அடுத்த மாதமே லைசென்சை திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கே 70 வயதுக்கு மேல் 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் கண் தெரிகிறது என்று தானே எழுதிக்கொடுத்தால் போதும். 4 பேரின் சாவை விசாரித்த ஒரு அதிகாரி, ஐரோப்பாவிலேயே மோசமான முறை இது என்று 2025 ஏப்ரலில் வறுத்தெடுத்தார்.

2019 ஏப்ரலில் ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் 87 வயது முதியவர் பிரேக்குக்கு பதில் ஆக்சிலேட்டரை மிதித்ததில் ஒரு தாயும், 3 வயது மகளும் பலியானார்கள். முதியவருக்கு 5 ஆண்டு ஜெயில். அங்கே 75 வயது தாண்டினால் ஞாபகசக்தி சோதனை கட்டாயம். விதியை மீறி சிக்கியவர்கள், 2022 மே மாதம் முதல் வண்டியை ஓட்டியும் காட்ட வேண்டும். தானாக லைசென்சை ஒப்படைக்கும் பெரியவர்களுக்கு பல ஊர்களில் பஸ், டாக்சி கட்டணத்தில் சலுகை கொடுக்கிறார்கள். பறிப்பதற்கு முன்னால் மாற்று வழி காட்டுகிறார்கள். இதை கவனிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

வழி நம்மிடமே இருக்கிறது. 2012-ல் தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதன் பிறகு தமிழ்நாட்டில் ஸ்கூல் வண்டிகளுக்கு தனி விதி வந்தது. இப்போது ஸ்கூல் திறப்பதற்கு முன் அதிகாரிகள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி சோதிக்கிறார்கள். டிரைவர்களுக்கு கண் பரிசோதனையும் அங்கேயே நடக்கிறது. ஒரு குழந்தை செத்த பிறகு ஸ்கூல் வண்டிக்கு செய்ததை, இன்னொரு சாவுக்கு காத்திருக்காமல் ஆட்டோ, வேன், லோடு வண்டிக்கும் செய்யலாமே?

ஜனவரியில் சாலை பாதுகாப்பு மாதம் வருகிறது. பேனரும் ஊர்வலமும் மட்டும் போதாது. டி.என்.84 வண்டிகள் நிற்கும் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கண், சுகர், பிரஷர் பார்க்கும் வேன் வரட்டும். சதுரகிரி அமாவாசை, ஆடிப்பூரம், அய்யப்பன் சீசன் என்று ராத்திரி ஓட்டம் கூடுவதற்கு முன்னால் வந்தால் இன்னும் நல்லது.

45 வயதுக்கு மேல் வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் இலவச சோதனை என்று வைக்கலாம். குறை தெரிந்தால் உடனே லைசென்சை பிடுங்காமல், சிகிச்சைக்கு 3 மாத அவகாசமும், அந்த 3 மாதத்துக்கு நல வாரியத்தில் இருந்து ஒரு தொகையும் கொடுத்தால் எந்த டிரைவரும் ஓடி ஒளிய மாட்டார். பார்க்காமல் கையெழுத்து போடும் டாக்டரையும் கேள்வி கேட்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு டெஸ்டு

அதுவரைக்கும் நாமே ஒன்று செய்யலாம். பகல் வெளிச்சத்தில் வீட்டு வாசலில் ஒரு காரை நிறுத்துங்கள். அதில் இருந்து சுமார் 33 எட்டு நடந்தால் 25 மீட்டர் வரும். அங்கே அப்பாவை நிற்க வைத்து நம்பர் பிளேட்டை படிக்க சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடி ஒருமுறை, அடுத்த கண்ணை மூடி ஒருமுறை. தடுமாறினால் மறுநாளே கண் டாக்டர்.

வண்டியில் புதுசு புதுசாக கீறல் விழுகிறதா? தெரிந்த ரோட்டிலேயே திரும்ப வேண்டிய இடத்தை விடுகிறாரா? ராத்திரி ஓட்டுவதை அவராகவே தவிர்க்கிறாரா? இதெல்லாம் அவர் வாய் திறந்து சொல்லாத சேதி. "உங்களுக்கு வயசாயிருச்சு, சாவியை கொடுங்க" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லாதீர்கள். குடும்பத்தை இத்தனை வருஷம் அந்த ஸ்டியரிங்கை பிடித்துத்தான் காப்பாற்றினார். "வாங்கப்பா, ஒரு தடவை காட்டிட்டு வருவோம்" என்று கூட போங்கள்.

என் பெரியப்பா இன்றைக்கும் காலையில் வேனை துடைத்து, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்கிறார். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு சாவி ஆணியில் தொங்கிவிடும். அந்த ஆபரேஷன் அவரிடம் இருந்து லைசென்சை பறிக்கவில்லை. காப்பாற்றிக் கொடுத்தது.

சம்பந்தப்பட்ட அதிகாரிகள் கவனிப்பார்களா?